ஐந்தென்று நினைத்து

ஆகஸ்டில் நடந்தது.
ஜனவரியில்தான் திறக்கிறேன்.

வெளியே மைனஸ் இருபத்திமூன்று.
ஷெட் கதவின் இடுக்கில்
பனி சுண்டுவிரலை நுழைத்துப் பார்க்கிறது.
இல்போ விளக்கைப் பிடித்திருக்கிறான்.
என் தங்கை கணவன். காரில் பாதி அவனுடையது,
எந்தப் பாதி என்று பேசிக்கொண்டதில்லை.
வால்வு இடைவெளி பார்ப்போம், கையோடு
ரிடெய்னரையும் கழற்றிப் பார்ப்போம் என்றேன்.
உடனே சரி என்றான்.
அத்தனை சீக்கிரம் அவன் எதற்கும்
சரி சொன்னதில்லை.

ஹாமென்லின்னா ஓடுதளத்தில்
பைன் மரங்களுக்குள் இறங்கித் திரும்பும் வளைவு.
அது கழிந்ததும் நாலிலிருந்து ஐந்துக்குத் தள்ளினேன்.
கை மூன்றைக் கண்டது.
கிளட்சை விட்ட பிறகுதான்
எனக்குத் தெரிந்தது.

முள் ஒன்பதாயிரத்தோடு நின்றுவிடும்.
அதற்கு மேல் எண் எழுதவில்லை,
எழுதுவானேன் என்று விட்டிருப்பார்கள்.
எண் இல்லாத இடத்தில் ஒரு சத்தம் இருந்தது.
தகரம் கிழிந்த மாதிரி என்று சொல்லலாம்.
பொய். அதைப் போல எதுவும் இல்லை.

எல்லை தாண்டினால் பெட்ரோலை நிறுத்த
உள்ளே ஒரு காவல்காரன் உண்டு.
சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும்போது
அவன் எந்தக் கதவைப் பூட்டுவான்?

அரை நொடி.
புகை இல்லை, தட்டல் இல்லை.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
"நன்றாக ஓடுகிறது" என்று
இல்போவிடம் சாவியைக் கொடுத்தேன்.

மூடியின் கீழே தேன் நிறத்தில் எண்ணெய்.
கேம் தண்டுகளைப் பழைய துண்டில் கிடத்தினோம்.
பிளக் துளை வழியே நைலான் கயிற்றை
முழம் முழமாய் ஊட்டினேன்.
பிஸ்டன் ஏறிக் கயிற்றை அழுத்தும்,
கயிறு வால்வைத் தாங்கும்,
வால்வு உள்ளே விழாது.
"மீன் பிடிக்கிறாயா, துய்ரே?"
காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம்.

ஸ்பிரிங்கை அமுக்கி
காந்தத்தால் இரண்டு அரைப்பூட்டுகளை எடுத்தால்
மிஞ்சுவது ரிடெய்னர்.
காசளவு இரும்புத் தொப்பி.
போன வால்வை நிமிடத்துக்கு
நாலாயிரத்து ஐந்நூறு தடவை
திரும்பக் கூப்பிடும் வேலை அதற்கு.

முதல் சிலிண்டரில் நாலும் சுத்தம்.
இரண்டாவதில், காற்று வரும் பக்கம், இடது தொப்பி.
பூட்டுகள் பக்கத்து வீட்டைவிட
ஒரு நகக்கனம் ஆழமாய் அமிழ்ந்திருந்தன.
கவிழ்த்துப் பிடித்து லென்ஸை வைத்தேன்.
ஒரு முடி.
ஊதினேன்.
போகவில்லை.
துடைத்தேன்.
முடி இல்லை.

"நான்தான்" என்றேன். "ஆகஸ்டில்."

வெளிச்சம் கொஞ்சம் அசைந்தது.
விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான்.
பனியில் பூட்ஸ் நொறுங்கும் சத்தம், வேன் கதவு,
மறுபடி பூட்ஸ்.
ஒரு பெட்டியை பெஞ்சில் வைத்தான்.
என் பெட்டிக்குப் பக்கத்தில்,
என் பெட்டியைப் போலவே.
அதே கடை, அதே பதினாறு.

"அக்டோபர்" என்றான். "மழை.
ஐந்தென்று நினைத்து."

விரிசலில் தேதி இல்லை.
இலையுதிர்காலம் முழுக்க
மெதுவாய் ஓட்டு, மெதுவாய் ஓட்டு என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்,
பெட்ரோல் விலையைச் சாக்கிட்டு.
இரண்டு பேரும் நல்லவர்களாய் இருந்தோம்.

சைலா காப்பியோடு வந்தாள்.
முப்பத்திரண்டு புதுத் தொப்பிகளையும்
ஒரு பழையதையும் பார்த்தாள்.
யார் செய்தது என்றாள்.
"மூன்று" என்றான் இல்போ.
அவளுக்குப் புரியவில்லை.
ஏலக்காய் ரொட்டியை வைத்துவிட்டு
கதவைச் சரியாகச் சாத்தாமல் போனாள்.

கிரீஸில் ஒட்டி அரைப்பூட்டுகளைப் பொருத்தினோம்.
பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டும்போது
இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.
தெறிக்கவில்லை.

கயிற்றை உருவினேன்.
கரி அப்பி, பாதி கறுத்திருந்தது.
துடைக்காமலே
மூன்றாவது துளைக்குள் விட்டேன்.